குழாய்க்குள் இருப்பதை யார் எண்ணுவது?

ஜெர்மனியின் ஃபுர்ட்வாங்கன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017-இல் வீடுகளில் புழங்கிய 14 பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்சுகளைச் சேகரித்து, அவற்றில் குடியிருந்த பாக்டீரியாக்களைக் கணக்கெடுத்தார்கள். சில இடங்களில் ஒரு கன சென்டிமீட்டருக்கு 5,000 கோடிக்கும் மேல் இருந்தன. அடிக்கடி சுத்தம் செய்வதாக வீட்டுக்காரர்கள் சொன்ன ஸ்பாஞ்சுகளிலும் எண்ணிக்கை குறைந்தபாடில்லை. நோய் தரக்கூடிய இரண்டு இனங்களுக்கு நெருங்கிய உறவானவற்றின் பங்கு அவற்றில் கூடுதலாகவே இருந்தது. உலகெங்கும் பத்திரிகைகள் இதை எடுத்துக்கொண்டு, சமையலறை ஸ்பாஞ்சைவிடக் கழிப்பறை சுத்தமானது என்று எழுதின. செல்போன் திரை, ரூபாய் நோட்டு, லிஃப்ட் பொத்தான், கம்ப்யூட்டர் கீபோர்டு என்று ஒவ்வொன்றையும் கழிப்பறையோடு ஒப்பிடும் செய்திகளுக்குப் பஞ்சமே இல்லை. இந்த ஒப்பீடுகளால் லாபமடைந்தது கழிப்பறையின் நற்பெயர் மட்டும்தான். செய்திகள் பொய்யென்று சொல்ல முடியாது. ஆனால் கண்ணுக்குத் தெரியாத உயிர்களைப் பற்றிய நம் பயத்தை அவை சமையல் மேடையோடும் கைப்பையோடும் முடித்துவிடுகின்றன. உண்மையிலேயே வயிற்றைக் கலக்க வேண்டிய விவரங்கள் தெருக்குழாயிலும் சாக்கடையிலும் மருத்துவமனை வார்டிலும் இருக்கின்றன. அவற்றை எண்ணும் வேலையை நாம் அரைகுறையாகச் செய்கிறோம். எண்ணியதை ஊருக்குச் சொல்வதோ இன்னும் அபூர்வம்.

எண்ணிக்கைக்குப் பயப்பட ஆரம்பித்தால் முடிவே இருக்காது. டெல்ஃப்ட் நகரத் துணி வியாபாரி ஆன்டனி வான் லீவன்ஹூக், பல்லில் சுரண்டிய அழுக்கைத் தானே செய்த கண்ணாடி வில்லையின் கீழ் வைத்துப் பார்த்து, அதில் நெளிந்தவற்றைப் பற்றி லண்டன் ராயல் சொசைட்டிக்கு எழுதியது 1683-இல். நம் உடம்பில் மனித செல்களைப் போலப் பத்து மடங்கு பாக்டீரியாக்கள் இருக்கின்றன என்ற கணக்கு பல்லாண்டுகளாகப் பாடநூல்களில்கூட ஓடியது. 2016-இல் இஸ்ரேலின் வெய்ஸ்மன் நிறுவனத்தைச் சேர்ந்த ரான் மிலோவும் சக ஆய்வாளர்களும் அதைத் திருத்தினார்கள்: சராசரி ஆணின் உடம்பில் மனித செல்கள் சுமார் 30 லட்சம் கோடி, பாக்டீரியாக்கள் சுமார் 38 லட்சம் கோடி. அவ்வளவையும் சேர்த்து நிறுத்தால் 200 கிராம்தான் வரும். யோகர்ட் என்று பெயர் போட்டு விற்க, சர்வதேச உணவுத் தர விதிப்படி ஒரு கிராமில் குறைந்தது 1 கோடி பாக்டீரியாக்கள் இருந்தாக வேண்டும். இட்லி மாவைப் பொங்கவைக்கும் வாயுவில் பெரும்பங்கு லியூகோநாஸ்டாக் மெசென்டிராய்டிஸ் என்ற பாக்டீரியாவின் உபயம். மார்கழிக் குளிரில் மாவு புளிக்கவில்லையே என்று கவலைப்படும் அதே வீட்டில்தான், 99.9% கிருமிகளை ஒழிப்பதாகச் சொல்லும் திரவத்தால் மேடை துடைக்கப்படுகிறது.

எத்தனை கோடி என்பதைவிட, எந்த உயிர், எங்கிருந்து வந்தது, எந்த வழியாக யார் வாய்க்குப் போகிறது என்பவையே நோயைத் தீர்மானிக்கின்றன. காலரா, டைபாய்டு, சீதபேதி, மஞ்சள் காமாலையில் இரண்டு வகை ஆகியவற்றுக்கு முக்கியமான வழி ஒன்றே: ஒருவர் மலத்திலிருந்து இன்னொருவர் வாய்க்கு. அந்த வழியில் கை ஒரு கண்ணி, தண்ணீர் இன்னொரு கண்ணி. கையைப் பற்றிய மிகத் தெளிவான சான்று கராச்சியின் குடிசைப் பகுதிகளிலிருந்து வந்தது. 2005-இல் லான்செட் இதழில் வெளியானது. சில வீடுகளுக்குச் சாதாரண சோப்பும் சில வீடுகளுக்குக் கிருமிநாசினி சேர்த்த சோப்பும் கொடுத்து, கைகழுவும் பழக்கத்தை வீடுவீடாகப் போய்ச் சொல்லித் தந்தார்கள். சோப்பு கிடைக்காத வீடுகளோடு ஒப்பிட்டால், குழந்தைகளிடம் வயிற்றுப்போக்கு பாதிக்கு மேல் குறைந்தது. ஐந்து வயதுக்குட்பட்டவர்களிடம் நிமோனியா பாதியானது. இரண்டு சோப்புகளுக்கும் இடையில் வித்தியாசம் எதுவும் தெரியவில்லை. ஒரு பெரிய சோப்பு நிறுவனத்தின் பணத்தில் நடந்த ஆய்வு இது என்பதால் அந்தக் கடைசி முடிவுக்கு எடை கூடுதல். டிரைக்ளோசான் உள்ளிட்ட 19 கிருமிநாசினிப் பொருள்கள் சேர்ந்த கைகழுவும் சோப்புகளை விற்க 2016-இல் அமெரிக்க உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு தடை போட்டது. சாதாரண சோப்பையும் தண்ணீரையும்விட இவை மேலானவை என்று தயாரிப்பாளர்கள் நிரூபிக்கவில்லை என்பதே அது சொன்ன காரணம். கைகழுவுவது அவசியம். அதற்கு எந்தச் சோப்பும் போதும்.

சான்றைப் பார்க்காமல் பயத்தைப் பின்தொடர்ந்தால் என்ன ஆகும் என்பதைக் கொரோனா காலத்தில் பார்த்தோம். 2020 ஏப்ரல் தொடக்கத்தில் திருப்பூர் தென்னம்பாளையம் சந்தை வாசலில் கிருமிநாசினிச் சுரங்கம் ஒன்று வைக்கப்பட்டது. காய்கறி வாங்க வந்தவர்கள் கைகளைத் தூக்கிக்கொண்டு அதற்குள் சில விநாடிகள் நடந்தால், சோடியம் ஹைப்போகுளோரைட் கரைசல் பனிபோல அவர்கள்மேல் தெளிக்கப்படும். படங்கள் நாடு முழுக்கப் பரவின. ஊருக்கு ஊர் அதே மாதிரி முளைத்தது. மூச்சுவழியே நுரையீரலுக்குள் போய்விட்ட வைரஸைச் சட்டைமேல் படும் மருந்து என்ன செய்யும் என்று யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. மனிதர்கள்மேல் இப்படித் தெளிப்பது தோலுக்கும் கண்ணுக்கும் கேடு, பயனும் கிடையாது என்று அந்த மாதமே மத்திய சுகாதார அமைச்சகம் அறிவுறுத்த வேண்டிவந்தது. நோய் முக்கியமாகக் காற்றில் பரவியது. ஜன்னலைத் திறந்து வைப்பதுதான் உருப்படியான காரியம். திறந்த ஜன்னலைப் படம்பிடித்துப் பத்திரிகையில் போட முடியாது, அதை யாரும் விற்கவும் முடியாது.

தண்ணீருக்கு வருவோம். நம் ஊர்களில் பெரும்பாலும் குழாயில் தண்ணீர் நாள் முழுக்க வருவதில்லை. காலையில் இரண்டு மணி நேரம், ஒருநாள் விட்டு ஒருநாள், கோடையில் வாரம் ஒருமுறை என்று வருகிறது. இதை வசதிக்குறைவாக மட்டுமே பார்த்துப் பழகிவிட்டோம். தண்ணீர் ஓடும்போது குழாய்க்குள் அழுத்தம் இருக்கிறது. விரிசல் இருந்தால் நீர் வெளியே கசியும், வெளியே இருப்பது உள்ளே வராது. தண்ணீரை நிறுத்தியதும் அழுத்தம் போய்விடும். அதே விரிசல் வழியாகச் சுற்றியுள்ள மண்ணின் ஈரம் உள்ளே இழுக்கப்படும். பக்கத்தில் சாக்கடையோ கழிவுநீர்த் தொட்டியோ கசிந்துகொண்டிருந்தால் அந்த ஈரம் எதுவென்று சொல்ல வேண்டியதில்லை. கர்நாடகத்தின் ஹூப்ளி-தார்வாட் இரட்டை நகரத்தில் சில வார்டுகளுக்கு மட்டும் 24 மணி நேரக் குடிநீர் வந்தபோது, இதை ஒப்பிட்டுப் பார்க்க நல்ல வாய்ப்பு கிடைத்தது. கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் எமிலி கும்பலும் காரா நெல்சனும் 2013-இல் வெளியிட்ட ஆய்வில், விட்டுவிட்டு வரும் குழாய் நீரின் மாதிரிகளில் 100-க்குச் சுமார் 32-இல் ஈ.கோலி இருந்தது, தொடர்ந்து வரும் குழாய்களில் 100-க்கு ஒன்றுகூட இல்லை. ஈ.கோலி மலத்தின் அடையாளம். தண்ணீர் வரத் தொடங்கும் முதல் சில நிமிடங்களிலும் கலப்படம் அதிகம் என்று கண்டார்கள். 'முதல் தண்ணியை விட்டுட்டுப் புடி' என்று குழாயடியில் சொல்லும் பெண்கள் அந்த ஆய்வைப் படித்திருக்க வாய்ப்பில்லை.

அதே நகரத்தில் நடந்த அடுத்த ஆய்வு சிக்கலையும் காட்டியது. 24 மணி நேரத் தண்ணீர் வந்த பகுதிகளில் டைபாய்டு குறைந்தது. ஏழைக் குடும்பங்களின் குழந்தைகளிடம் ரத்தம் கலந்த வயிற்றுப்போக்கு குறைந்தது. பொதுவான வயிற்றுப்போக்கில் மட்டும் தெளிவான வித்தியாசம் தெரியவில்லை. பிடித்து வைக்கும் குடம், தொட்டி, கை, தெருமண் எல்லாம் சேர்ந்துதான் குழந்தையின் வயிற்றுக்குள் போகின்றன. குழாயைச் சரிசெய்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்பவர்கள் இதைப் பார்க்க வேண்டும். ஆனால் குழாயை விட்டுவிட்டு மற்றவற்றைச் சரிசெய்துவிடலாம் என்பதற்கும் இதில் ஆதாரம் கிடையாது.

குழாயின் நிலையைத் தெரிந்துகொள்ளப் பெரிய ஆய்வகம் வேண்டியதில்லை. இந்தியத் தர அமைப்பின் விதிப்படி, குடிநீரின் 100 மில்லியில் ஒரு ஈ.கோலிகூட இருக்கக் கூடாது. கடைசி வீட்டுக் குழாயிலும் லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் குளோரின் மிஞ்சியிருக்க வேண்டும். மிஞ்சிய குளோரின்தான் வழியில் புகும் கிருமிக்கான காவல். இதைப் பார்க்கச் சுகாதார ஆய்வாளர் கையில் குளோரோஸ்கோப் என்ற சிறு கருவி இருக்கிறது: குழாய் நீரில் சில சொட்டு மருந்தை விட்டால், குளோரின் இருக்கிற அளவுக்கு மஞ்சள் நிறம் ஏறும், பக்கத்தில் இருக்கும் நிற அட்டையோடு ஒப்பிட்டுக்கொள்ளலாம். ஓரிரு நிமிட வேலை. மஞ்சள் ஏறவில்லையென்றால் காரணமும் பெரும்பாலும் சாதாரணமானது: வாய் திறந்தே கிடந்த மூட்டையில் வீரியம் போன பிளீச்சிங் பவுடர், கரைத்துத் தெளியவிடாமல் மேல்நிலைத் தொட்டியில் அப்படியே கொட்டியது, வாடை பிடிக்கவில்லை என்று தெருக்காரர்கள் சண்டை போட்டதால் டேங்க் ஆபரேட்டர் போடாமலே விட்டது. மலக் கலப்பைக் கண்டுபிடிக்க இன்னொரு எளிய வழியை 1982-இல் உலகச் சுகாதார நிறுவனத்தின் இதழில் வெளியிட்டவர்கள் இந்தியர்களே, கே.எஸ்.மாஞ்சாவும் உடன் பணியாற்றியவர்களும். மருந்து தோய்த்த காகிதம் உள்ள சிறு குப்பியில் தண்ணீரை நிரப்பி, ஓர் இரவோ ஒன்றிரண்டு நாளோ வைத்தால், மலக் கலப்பு உள்ள நீர் கறுத்துப்போகும். ஆய்வகச் சோதனையின் துல்லியம் அதற்கு இல்லை, சில வேளை தவறாகவும் கறுக்கும். ஆனாலும் எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் அந்தக் கறுப்பு புரியும். கிராமங்களில் ஜல் ஜீவன் திட்டத்தின் கீழ்ப் பெண்களுக்கு இத்தகைய சோதனைகளில் பயிற்சியும் தரப்படுகிறது.

வசதியுள்ளவர்கள் சொல்லும் பதில் நமக்குத் தெரியும்: வீட்டில் ஆர்.ஓ. இருக்கிறது, இல்லாவிட்டால் கேன் தண்ணீர் வருகிறது. தனி வீட்டுக்கு இது ஓரளவு தீர்வுதான். ஆனால் ஆர்.ஓ. இயந்திரம் கிருமியோடு குளோரினையும் எடுத்துவிடுகிறது. அதன் தொட்டியிலும் பிறகு ஊற்றிவைக்கும் பாத்திரத்திலும் புதிதாகப் புகும் கிருமிக்குத் தடையே கிடையாது. கேன் தண்ணீரையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப முடியாது: அடைக்கப்பட்ட குடிநீரை உணவுப் பாதுகாப்பு ஆணையமே 2024 இறுதியில் அபாயம் அதிகமான உணவுகளின் பட்டியலில் சேர்த்தது. இதைவிடப் பெரிய சேதம் வேறு. புகார் எழுதவும் அதிகாரியைப் போய்ப் பார்க்கவும் தெரிந்த குடும்பங்கள் குழாய்த் தண்ணீரைக் குடிப்பதை நிறுத்தியதும், அந்தக் குழாய்க்காகப் பேச ஆளில்லாமல் போகிறது. பிறகு அது ஏழைகளின் தண்ணீர், ஏழைகளின் வயிற்றுவலி.

சாக்கடை நீர் குழாய்க்குள் புகுவது இப்போது பழைய வயிற்றுப்போக்குப் பிரச்சினை மட்டுமில்லை. டெல்லி மருத்துவமனையில் சிகிச்சை பெற்றுத் திரும்பிய, ஸ்வீடனில் வாழும் இந்திய வம்சாவளி நோயாளி ஒருவரிடம் 2008-இல் ஒரு பாக்டீரியா கண்டறியப்பட்டது. கடைசிக்கட்டமாகக் கொடுக்கும் கார்பபெனம் வகை ஆன்டிபயாடிக்குகளையும் உடைத்துப்போடும் நொதியை உருவாக்கும் மரபணு அதனிடம் இருந்தது. அதற்கு என்டிஎம்-1 என்று பெயர் வைத்தார்கள். முதல் இரண்டு எழுத்துகள் நியூ டெல்லியைக் குறிப்பவை. 2010 ஆகஸ்டில் லான்செட்டின் தொற்றுநோய் இதழில் வந்த கட்டுரையின் முதல் ஆசிரியர் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கார்த்திகேயன் குமாரசாமி. அந்த மரபணு கொண்ட பாக்டீரியாக்கள் சென்னையில் 44, ஹரியானாவில் 26, பிரிட்டனில் 37 மாதிரிகளில் கிடைத்தன என்றது கட்டுரை. நாடாளுமன்றத்திலும் தொலைக்காட்சிகளிலும் கொந்தளிப்பு. ஊர்ப் பெயரை எப்படி வைக்கலாம், மருத்துவச் சுற்றுலாவைக் கெடுக்கும் சதி என்றெல்லாம் பேசப்பட்டது. பெயர் வைத்தது தவறு என்று பிற்பாடு லான்செட் ஆசிரியரே வருத்தம் தெரிவித்தார். அந்த மனக்குறையில் நியாயம் இருந்தது. நோய்க்கோ கிருமிக்கோ ஊர்ப் பெயரை ஒட்டுவது அழகல்ல. ஆனால் பெயரைப் பற்றிப் பேசிய நேரத்தில் பாதியைக்கூட அந்த 44-ஐப் பற்றிப் பேச நாம் செலவிடவில்லை.

மறு ஆண்டே கார்டிஃப் பல்கலைக்கழகத்தின் டிமோத்தி வால்ஷ் குழுவினர் டெல்லியின் தெருக்களில் சேகரித்த தண்ணீரின் முடிவுகளை வெளியிட்டார்கள். தேங்கிய, கசிந்த நீரில் 171 மாதிரிகளில் 51-இலும் குடிநீர்க் குழாய்களின் 50 மாதிரிகளில் 2-இலும் அதே மரபணு இருந்தது. காலராவை உண்டாக்கும் பாக்டீரியாவிலும் சீதபேதிக் கிருமியிலும்கூட அது ஏறியிருந்தது. ஒரு பாக்டீரியாவிடமிருந்து இன்னொன்றுக்கு இந்த மரபணு கைமாறுவது 30 டிகிரி செல்சியஸில் மிக நன்றாக நடந்தது என்பது அந்த ஆய்வில் கவனிக்க வேண்டிய விவரம். அது நம் மொட்டைமாடித் தொட்டியின் வெப்பம். மருந்துக்கு அடங்காத தொற்று என்றால் தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடப்பவர்களின் கதை என்று நினைக்கிறோம். அது கழிவுநீரில் இறங்கிக் குழாய் வழியாக, ஆன்டிபயாடிக் மாத்திரையையே தொடாதவர் குடலுக்கும் வந்துவிடும் என்பதே இதன் பொருள். அந்தக் குடலில் அது நோய் எதுவும் செய்யாமல் சும்மா இருக்கலாம். என்றாவது அறுவைச் சிகிச்சைக்குப் போகும்போது தெரியவரும். 2019-இல் மருந்தை எதிர்க்கும் பாக்டீரியாக்களே நேரடிக் காரணமாக உலகில் 12.7 லட்சம் பேர் இறந்தார்கள் என்றும், இந்தியாவில் அது ஏறத்தாழ 3 லட்சம் என்றும் சர்வதேச மதிப்பீடு ஒன்று சொல்கிறது.

இத்தனையையும் பகிரங்கமாகச் சொன்னால் மக்கள் பீதியடைவார்கள் என்பது அதிகாரிகளின் வழக்கமான வாதம். அதை முழுதாகத் தள்ளிவிட முடியாது. ஒரு வார்டில் தண்ணீர் கறுத்தது என்று போர்டு வைத்தால் அன்று மாலையே சாலை மறியல் நடக்கலாம். ஆனால் சொல்லாமல் இருப்பதால் பீதி குறைவதில்லை, அது வாட்ஸ்அப்பில் ஆதாரமில்லாமல் வளர்கிறது. காற்றின் தரத்துக்கு 2015-இல் தேசியக் குறியீடு வந்தபோதும் இதே தயக்கம் இருந்திருக்கும். இன்று டெல்லியில் பள்ளிப்பிள்ளைகளுக்கும் பி.எம்.2.5 என்றால் என்னவென்று தெரியும். காற்று சுத்தமாகிவிடவில்லை, ஆனால் அதை மறைக்க முடியாமல் போனது. சாக்கடையில் கிருமி தேடும் திறமை நமக்குப் புதிதுமல்ல. மும்பையில் 2001 முதல் கழிவுநீரை எடுத்துப் போலியோ வைரஸ் இருக்கிறதா என்று தொடர்ந்து பார்த்தார்கள். ஒழிப்பில் அந்தக் கண்காணிப்புக்கும் பங்குண்டு.

இன்னொரு எதிர்வாதம் வீடுகளில் கேட்பது: மண்ணிலும் கண்ட தண்ணீரிலும் வளர்ந்தவர்களுக்குத்தான் உடம்பு உறுதி, இந்தக் காலத்துப் பிள்ளைகளைப் பொத்திப்பொத்தி வளர்த்துக் கெடுக்கிறோம் என்பது. இதற்கு அறிவியல் சாயம் பூச, 1989-இல் டேவிட் ஸ்ட்ராகன் முன்வைத்த சுகாதாரக் கருதுகோளை எடுத்துக்காட்டுவார்கள். பெரிய குடும்பத்தில் பிறந்த குழந்தைகளுக்கு ஒவ்வாமை குறைவாக இருப்பதை அவர் கவனித்தார். தோட்டத்து மண், ஆடுமாடு, கூடப்பிறந்தவர்கள் தரும் தீங்கற்ற நுண்ணுயிர்கள் எதிர்ப்பாற்றலைப் பழக்குகின்றன என்று பின்னால் வந்த ஆய்வுகளும் ஓரளவு ஆதரிக்கின்றன. மலம் கலந்த தண்ணீருக்கு இதில் இடமே இல்லை. அந்தத் தண்ணீர் என்ன செய்கிறது என்பதற்கு வேலூர் பக்கத்துச் சான்றே இருக்கிறது: வாய்வழிப் போலியோ சொட்டு மருந்து நம் குழந்தைகளிடம் பணக்கார நாடுகளில் போல வேலை செய்யவில்லை என்பதை 1970-களிலேயே சி.எம்.சி.யின் டி.ஜேக்கப் ஜான் காட்டினார். டெல்லி, புனே, வேலூரில் சோதிக்கப்பட்ட நம் நாட்டு ரோட்டாவைரஸ் தடுப்பு மருந்தும் கடுமையான நோயிலிருந்து தந்த பாதுகாப்பு 55% அளவில்தான். ஓயாமல் உள்ளே போகும் மலக் கிருமிகளால் குடலின் உட்சுவர் தேய்ந்து சத்தை இழுக்க முடியாமல் போவது இதற்கு ஒரு காரணமாக இருக்கலாம் என்று சந்தேகிக்கிறார்கள். தாக்குப்பிடித்தவர்களை வைத்துத்தான் நாம் உறுதியைப் பற்றிப் பேசுகிறோம். தாக்குப்பிடிக்காத குழந்தைகள் குடும்பப் புகைப்படங்களில் இல்லை.

எண்ணியதை ஊருக்குச் சொல்வதற்குச் செலவுதான் தடை என்றால் அதுவும் பெரிதில்லை. ஊர்த்தொட்டியின் கீழே ஒரு கரும்பலகை. அதில் இன்றைய தேதி, தொட்டியருகில் குளோரின் எவ்வளவு, கடைக்கோடித் தெருவின் கடைசிக் குழாயில் எவ்வளவு, குப்பி கறுத்ததா இல்லையா என்று நான்கு விவரங்கள். மருத்துவமனைகள் தங்கள் தீவிர சிகிச்சைப் பிரிவில் மருந்துக்கு அடங்காத தொற்று எத்தனை என்று மாதம் ஒருமுறை வெளியிடுவது இதைவிடக் கடினம். தனியார் மருத்துவமனைகள் கடைசிவரை எதிர்க்கும். தண்ணீரிலிருந்து தொடங்கலாம். சட்டபூர்வ அடிப்படைக்கும் குறையில்லை. நாட்டிலேயே முதலாவதாக 1939-இல் சென்னை மாகாணம் கொண்டுவந்த பொது சுகாதாரச் சட்டம் இன்றும் தமிழ்நாட்டில் நடப்பில் இருக்கிறது. சிக்கல் எங்கே வரும் என்றால், பலகையில் எழுதுவது யார் என்பதில். தண்ணீர் விநியோகிக்கும் அதே உள்ளாட்சி அலுவலகம் தனக்குத்தானே மதிப்பெண் போட்டுக்கொண்டால் எல்லா நாளும் 0.2-தான் இருக்கும். பொது சுகாதாரத் துறையின் ஆய்வாளர்கள் தண்ணீர் விநியோகத்துக்குப் பொறுப்பானவர்கள் அல்ல. சாக்பீஸ் அவர்கள் கையில் இருக்க வேண்டும். இன்று அவர்கள் எடுக்கும் அளவு பதிவேட்டுக்குப் போகிறது, அங்கிருந்து மாதாந்திர அறிக்கைக்குப் போகிறது. அந்தத் தொட்டியின் தண்ணீரைக் குடிக்கும் தெருவுக்கு அது வந்துசேர, இப்போதைக்குத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் 10 ரூபாய் கட்டி மனுப் போட வேண்டியிருக்கிறது.